பிறைக்கு முன் பத்திய லைட்

இந்தத் தொழிலில் எனக்கு மின்சாரம் அடித்தது மூன்று தரம். பொறாமை அடித்தது எத்தனை தரம் என்று எண்ணி வைக்கவில்லை. மின்சாரம் அடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும், அதோடு முடிந்தது. மற்றது பிடித்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கும்.

லைட் சோடனைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் சேர்ந்து, "காக்கா, உங்கட அனுபவத்த எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். ஓய்வு பெற்றது உண்மையில் என் முழங்கால்தான். ஏணியில் ஏழாம் படிக்கு மேல் வரமாட்டேன் என்று அது சொல்லிவிட்டது. அதைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வேலைக்குப் போக முடியாதே.

வயரை எப்படி இழுப்பது, எத்தனை பல்புக்கு ஒரு தரம் கரண்ட் கொடுப்பது, பெட்டியை மழைக்கு எப்படி மூடுவது, இதெல்லாம் நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதினால் பிழை பிடிப்பீர்கள். பிடித்தால் எனக்கு உங்கள் மீதும் பொறாமை வரும். ஏற்கெனவே இருப்பது போதும்.

நான் பிறந்தது நிந்தவூர். கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்கு வந்ததால் இப்போது சாய்ந்தமருதுக்காரன். இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் கலியாண வீடு, கந்தூரி, கடைத் திறப்பு என்று எதுவானாலும் லைட் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்முனையில் ஒரு தேவாலயத்துக்கு நத்தார் சோடனையும் பல வருடம் நான்தான் செய்தேன். உச்சியில் ஒரு நட்சத்திரம், கூரை ஓரத்தில் நாலு வரி சீரியல் பல்ப், வாசலில் ஒரு வளைவு. பல்ப் பத்தும், அணையும். மறுபடி பத்தும், அணையும். இதற்கு மேல் ஒரு பல்ப் என்ன செய்ய வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு வருடம் நவம்பர் கடைசியில் ஏணியோடு போய் நின்றேன். தேவாலயத்தில் இருந்தவர் என் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"நானா, இந்த முறை எங்கட ரீச்சர் செய்யிறா. குறை நினைக்காதீங்க."

நீங்கள் காக்கா என்கிற மாதிரி அங்கே அண்ணனை நானா என்பார்கள். ரீச்சர் என்பவர் அந்தத் தேவாலயத்துக்கு வருகிற கணக்கு ரீச்சர். என் வயதுதான் இருக்கும். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் நாளைக்கே அவர் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அதைத் தாங்குகிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

குறை நினைக்க வேண்டாம் என்றார்கள். ஒரு மாதம் முழுக்க அதை மட்டும்தான் நினைத்தேன். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம், தண்ணீர்ப் பைப்புக்கு ஒரு திருகு வாங்கிவரப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பெண்சாதி பின்னால் ஏறிக்கொண்டாள். "ஒங்கட பைப் எங்க பூட்டியிரிக்கி எண்டு எனக்குத் தெரியும். நானும் பார்க்கணும்" என்றாள்.

வீதியில் பஸ் போக இடமில்லாமல் சனம். பாட்டுத் தொடங்கியது. தேவாலயத்தின் முகப்பு முழுக்கப் பல்ப். ஆனால் பத்தி அணைகிற பல்ப் இல்லை. பாடுகிறவர்கள் மூச்சு எடுத்தால் பல்பும் மூச்சு எடுத்தது. மணிச் சத்தம் வந்தபோது வெளிச்சம் கூரை உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கி வாசலுக்கு வந்து, ஒரு வினாடி நின்று, திரும்பவும் மேலே ஓடியது. சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ரீச்சர் சனத்துக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு, யாரோ செய்ததைப் பார்க்க வந்தவர் மாதிரி நின்றார்.

அந்தக் கட்டிய கைதான் என்னைக் கொன்றது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் என் சோடனையைக் கை கட்டி நின்று பார்த்ததில்லை. ஒரு கையில் குறடு இருக்கும், மறு கையில் எரிந்துபோன பியூஸ் இருக்கும்.

"மாஷா அல்லாஹ்! இஞ்ச பாருங்களன், கூரையெல்லாம் நடக்குது!" பெண்சாதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க இப்பிடி ஒண்டும் செய்யல்லயே இவ்வளவு காலமும்?"

"என்னட்ட ஆரும் கேக்கல்ல."

"ரீச்சரிட்ட ஆரு கேட்டாங்க?"

பல்புகளை எண்ணத் தொடங்கினேன். வரி வரியாக, ஒவ்வொன்றாக எண்ணினேன். மேல் வரி, இடது பக்கம், பதினோராவது பல்ப் பத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒருவர், லைட்டின் அழகைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த ஒரு வாரம் தேத்தண்ணிக் கடையில், மீன் கடையில், பள்ளிவாசலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில், எவர் அந்த லைட்டைப் பற்றிக் கதைத்தாலும் நான் ஒன்றுதான் சொன்னேன். "ஓம், நல்லாத்தான் இருந்திச்சு. ஒரு பல்ப் பத்தல்ல."

தை மாதம் பிறந்து கொஞ்ச நாளில், ஏதோ அந்தப் பக்கம் வந்தவன் மாதிரி ரீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் விறாந்தையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துக் கேட்கத்தான் போனேன். நேராகத்தான் வாயில் வந்தது.

"ரீச்சர், அந்த லைட்ட ஆட்டுற சாமான் என்ன விலை?"

"அந்த மென்பொருளா? சும்மா நானா."

"சும்மா எண்டா?"

"சும்மா எண்டா சும்மாதான். எங்கெங்கயோ நாடுகள்ல இருக்கிற ஆக்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்குங்க எண்டு விட்டிருக்காங்க. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு எண்டு ஆரும் திறந்து பார்க்கலாம். பிழை கண்டா திருத்திக் குடுக்கலாம். பூட்டு இல்ல."

விலையைச் சொல்ல விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டேன். எந்த விசரன் ராவும் பகலும் இருந்து ஒன்றைச் செய்துவிட்டு ஊருக்குச் சும்மா கொடுப்பான்? ஆனால் ரீச்சர் என்னிடம் ஒரு பென் கேட்டு வாங்கினார். எழுதுகிற பேனை இல்லை, கொம்பியூட்டரில் குத்துகிற பென். மென்பொருள் முழுவதையும் அதில் இறக்கித் தந்தார்.

"என்ட நத்தார்க் கோப்பும் சேர்த்துப் போட்டிருக்கன் நானா. பார்த்துப் பழகுங்க. அதில பிழை கண்டாலும் சொல்லுங்க."

பதினோராவது பல்ப் என் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பிள்ளைகளே, தெரிந்ததை ஒளித்து வைத்திருக்கிற ஆள் மீது பொறாமைப்படுவது லேசு. திட்டிக்கொண்டே படலாம். அள்ளித் தருகிற ஆள் மீது படுவதுதான் கஷ்டம். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அவரைத் திட்ட ஒரு காரணம் தேடினேன். சாய்ந்தமருது வரைக்கும் கிடைக்கவில்லை.

பழகினேன். முதலில் எங்கள் வீட்டு மதிலில் நாலு வரி கட்டி, ஒரு றபான் மேளத் தாளத்துக்கு ஆட்டிப் பார்த்தேன். பெண்சாதி வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்ன இது, சுடுமணல்ல இறக்கி விட்ட கோழி மாதிரி?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் கோழி கொஞ்சம் நடக்கப் பழகியது. மூன்றாம் மாதம் நோன்பு வந்தது.

எங்கள் பள்ளியின் செயலாளர் ஹனீபா மச்சான். பெண்சாதியின் மூத்த சகோதரன். நோன்புப் பெருநாளுக்குப் பள்ளி வீதியை நன்றாகச் சோடிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன்.

"சேர்ச்சில இரிந்ததப் போல ரெண்டு மடங்கு பல்ப் போடுவம் மச்சான்."

"சேர்ச்சில எத்தின பல்ப் இரிந்த எண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எண்ணின."

ஹனீபா மச்சான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பெண் கொடுத்த நாளிலிருந்து அப்படித்தான் பார்க்கிறார்.

வேலையைச் செய்தேன். மினாராவில் பச்சை, தென்னைகளில் வெள்ளை, வீதியின் தலைப்பில் பெரிய வளைவு, வளைவின் மேல் எழுத்து ஓடுகிற பலகை. பெரிய ஸ்பீக்கரில், பெருநாள் வந்துவிட்டால் சொல்கிற தக்பீர் முழங்கும். அதற்கேற்ப வெளிச்சம் வீதி முழுக்க அலையாக வரும். எல்லாவற்றையும் நடத்துகிற பெட்டியை மதிலோடு வைத்து, ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பை என் சட்டைப் பையில் வைத்தேன். உள்ளே மென்பொருளுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டேன். சும்மா கிடைத்த ஒன்றைப் பூட்டி வைத்த முதல் ஆள் இந்தக் கரையில் நானாகத்தான் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். யாரும் என்றால் ஒருவர்தான்.

ரீச்சரின் லைட் தானாகவே தொடங்கியது அல்லவா? அந்த ரகசியம் அவருடைய கோப்பிலேயே இருந்தது. நாளையும் நேரத்தையும் ஒரு அட்டவணையில் எழுதிவிட்டால் பெட்டி தானாக எழும்பும். டிசம்பர் இருபத்தினாலு, பின்னேரம் ஆறரை என்று போட்டிருந்தார். நான் அதைத் தட்டிவிட்டு, கலண்டரில் பெருநாள் சிவப்பாக இருந்த நாளுக்கு முதல் நாளைப் போட்டேன். பின்னேரம் ஆறே முக்கால். நானும் ஒரு தரம் சனத்துக்கு நடுவில் கை கட்டி நிற்க வேண்டும்.

இதை வாசிக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நத்தார் ஒரு தேதியில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. எங்கள் பெருநாள் பிறையில் தொங்குகிறது. இருபத்தொன்பதாம் நோன்பு பின்னேரம் பிறை கண்டால் விடிந்தால் பெருநாள். காணாவிட்டால் இன்னுமொரு நோன்பு. கலண்டர் சொல்வது ஒரு உத்தேசம். இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஐம்பது வருடமாகப் பிறை பார்க்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த முறை நான் பிறையைப் பார்க்கவில்லை, ரீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பெண்சாதி இதை வாசித்தால்: கருத்து நீ நினைக்கிறது இல்லை.)

அந்த இருபத்தொன்பதாம் நோன்பு பின்னேரம் மேற்கு முழுக்க மேக மப்பு. பள்ளியில் கஞ்சி குடித்து நோன்பைத் திறந்தேன். மஃரிபு தொழுதேன். நேரே கல்முனைக்கு மோட்டார் சைக்கிளை விட்டேன். ரீச்சர் வந்து பார்க்க வேண்டும்; அவர் பார்க்காவிட்டால் எனக்கு அந்த லைட்டே தேவையில்லை.

"ரீச்சர், இண்டைக்கு எங்கட பள்ளி வீதியில லைட். வந்து பாருங்க."

அவர் விறாந்தையிலிருந்து எழும்பி வந்தார். மேற்குப் பக்கம் வானத்தைப் பார்த்தார்.

"பிறை கண்டாச்சா நானா?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிற ஒரு மனிசி கேட்கிறா. நோன்பு பிடித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

"காணும், காணும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. ஹனீபா மச்சான்.

"மச்சான்! ஒங்களுக்குப் பிறை கண்ட எண்டு ஆரு செல்லின?"

"ஏன்?"

"ஏனா? ஒங்கட பலகையில 'பெருநாள் வாழ்த்துக்கள்' எண்டு ஓடுது! தக்பீர் முழங்குது! சனம் ரோட்டுக்கு வந்திட்டு. வெடி கொளுத்துறாங்க. வட்டிலப்பத்துக்கு முட்ட வாங்கக் கடையில வரிசை நிக்கிது! கொழும்பால இன்னும் ஒரு அறிவித்தலும் இல்ல. கடக்கரையில நிண்டவங்களும் காணல்ல!"

அவருடைய குரலுக்குப் பின்னால் என் தக்பீர் கேட்டது. அவ்வளவு துல்லியமான சத்தம். நல்ல ஸ்பீக்கர்தான் போட்டிருந்தேன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிறை காணாவிட்டால் அடுத்த நாள் நோன்பு. வீதி முழுக்க என் லைட்டை நம்பினால், இரவில் தராவீஹ் தொழுகைக்கு ஒருவரும் போகமாட்டார்கள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு ஒருவரும் எழும்பமாட்டார்கள். காலையில் புது உடுப்பு உடுத்து, நோன்பு நாளில் வட்டிலப்பம் சாப்பிடுவார்கள். ஒரு வீதியின் நோன்பை முறித்தவன் என்று நான் மௌத்தாகிக் குழிக்குள் போகிற வரைக்கும் என்னைச் சொல்வார்கள். நானும் என்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வேன்.

"பெட்டி பூட்டியிரிக்கி. ஒடைக்கட்டா? இல்லாட்டி மெயின நூக்கட்டா?" என்று மச்சான் கத்தினார்.

"நூருங்க மச்சான், நூருங்க!"

பதற்றத்தில் போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன். ரீச்சர் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். வகுப்பில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரிக் கையைத் தூக்கினார்.

"நானா, அணைக்க வேண்டாம். திடீரெண்டு இருட்டினா சனம் என்ன நினைக்கும்? கரண்ட் போச்சு எண்டு. பெருநாள் இல்ல எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க. லைட் சொன்ன பிழைய லைட்தான் திருத்தணும்."

போனில் மச்சான் கேட்டார்:

"அது ஆரு?"

"ரீச்சர்."

"ரீச்சர் செல்ற சரி."

இந்த இடத்தில் உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். ஊரின் நோன்பே போகப்போகிறது, எனக்கு நெஞ்சில் குத்தியது அந்த ஒரு வசனம். நான் சொன்னது எதையும் ஹனீபா மச்சான் ஒரு நாளாவது சரி என்று சொன்னதில்லை.

ரீச்சர் பரீட்சைத் தாள்களைத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார்.

"உங்கட பெட்டிக்கு இன்டர்நெட் இருக்கா?"

"டொங்கிள் குத்தியிரிக்கன்."

"அப்ப இஞ்ச இருந்தே போகலாம். நான் தந்த கோப்பில அந்த வழி இருக்கு."

அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் அதைத்தான் அடைத்திருப்பேன்.

திரையில் என் பெட்டியின் வாசல் வந்து நின்றது. பாஸ்வேர்ட் கேட்டது.

"நான் அடிக்கிறன், தாங்க ரீச்சர்" என்று இழுத்து எடுத்தேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். பிழை என்று சிவப்பில் வந்தது. இன்னொரு தரம் அடித்தேன். மறுபடி சிவப்பு.

"சொல்லுங்க நானா, நான் அடிக்கிறன். நேரமில்ல."

"அது... ரீச்சர..."

"ஓம், சொல்லுங்க, கேட்குது."

"இல்ல, அதுதான் பாஸ்வேர்ட். இங்கிலீசு எழுத்தில. ரீச்சர... விட..."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் மட்டும் ஓடியது. "விட... பிறகு?"

"நான்."

"நான். பிறகு?"

"பெரியாள்."

"பெரியாளுக்குக் கடைசியில எல் ஒண்டா ரெண்டா?"

"ஒண்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. போனில் இருந்த ஹனீபா மச்சானுக்கு நன்றாகக் கேட்டிருந்தது. அந்த அவசரத்திலும் அவர் ஒரு தரம் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

உள்ளே போனோம். ரீச்சர் முதலில் தக்பீரை நிறுத்தினார். ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் எல்லாவற்றையும் அசையாத வெள்ளையாக்கினார். பிறகு பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன எழுதணும்?"

"தொழில்நுட்பக் கோளாறு எண்டு போடுவம்."

"என்ன கோளாறு நானா? நீங்க சொன்ன நேரத்துக்கு அது சரியாத்தானே பத்தியிருக்கு."

"அப்ப மழையால எண்டு..."

"மழை பெய்யல்லயே."

நான் நெற்றியைத் துடைத்தேன். ரீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது உங்கட மார்க்க விசயம் நானா. நான் ஒரு சொல்லும் போட மாட்டன். நீங்க சொல்லுங்க, அடிக்கிறன்."

"கெதியா மச்சான்!" என்றது போன். "மோதினாரிட்ட வந்து ஆக்கள் பெருநாள் தொழுகை எத்தின மணிக்கு எண்டு கேக்குறாங்க!"

பலகையில் இரண்டு வரிதான் பிடிக்கும். ஒன்று செய்தி. மற்றது யார் பிழை என்பது. ஊருக்கு இரண்டும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதை நம்பமாட்டார்கள். பள்ளிக்குள்ளே ஏதோ பிரச்சினை, ஒரு பக்கம் பிறை கண்டது, மறுபக்கம் காணவில்லை என்று கதை கிளம்பிவிடும். இதை அந்த நேரத்தில் நான் இவ்வளவு ஒழுங்காக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். ரீச்சர் அடித்தார். அடித்துவிட்டு நிறுத்தினார்.

"நானா, நீங்க சொன்னத வாசிக்கிறன். 'பிழை இன்னும் இல்லை. பிறை என்னுடையது.' இத அப்பிடியே விட்டா உங்கள ஊரால கலைப்பாங்க."

இரண்டு சொல்லையும் இடம் மாற்றினோம்.

பிறை இன்னும் இல்லை.
பிழை என்னுடையது.

அவர் விசையைத் தட்டினார். போனில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வெடிச் சத்தம் நின்றது. பிறகு சனத்தின் இரைச்சல் இறங்கியது. பிறகு யாரோ ஒருவர் அந்த இரண்டு வரியையும் உரத்து வாசிப்பது கேட்டது. ஒரு ஆள் சிரித்தார். பிறகு வீதியே சிரித்தது. யாருடைய பிழை என்று பலகையில் பெயர் போடவில்லை, தேவைப்படவும் இல்லை. அதற்குள் ஹனீபா மச்சான் பள்ளி மைக்கில், அறிவித்தல் வரும்வரை பொறுமையாக இருக்கும்படி சொல்லத் தொடங்கியிருந்தார்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அறிவித்தல் வந்தது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பது.

அந்த முப்பதாம் நோன்பைப் போல நீளமான ஒரு பகலை நான் கண்டதில்லை. மீன் கடைக்காரர் என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு, "காக்கா, இண்டைக்கு நோன்பா பெருநாளா? ஒங்கட லைட்டக் கேட்டுச் செல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் பெண்சாதி. "ஒங்கட புண்ணியத்தில தெருவில ஒருத்தரும் ஸஹரத் தவற விடல்ல. நித்திரையே கொள்ளாம பார்த்துக்கிட்டு இரிந்திரிக்காங்க, திரும்ப என்ன எழுதுவீங்க எண்டு."

நீங்கள் இதிலிருந்து எடுக்க வேண்டியது இவ்வளவுதான். அடுத்தவர் செய்ததைப் பார்த்துச் செய்யுங்கள். அதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு தரம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் ரீச்சரிடம் கோப்பை வாங்கினேன், கேள்வியை வாங்கவில்லை. கேட்டிருந்தால், "நத்தார் அசையாது நானா, அதால நான் தேதி போட்டன்" என்று சொல்லியிருப்பார். கேட்பதற்கு என் பாஸ்வேர்ட் விடவில்லை.

முப்பதாம் நோன்பு பின்னேரம் அட்டவணையை அழித்தேன். ஆமைப்பூட்டைக் கழற்றினேன். பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டேன், அது எப்படியும் மீன் கடை வரைக்கும் போய்விட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தேன். முப்பது முடிந்தால் பிறை தேவையில்லை, ஆனாலும் மஃரிபு முடிந்து ஹனீபா மச்சான் மைக்கில் பெருநாள் என்று தன் வாயால் சொல்லும்வரை விசையில் விரலை வைக்கவில்லை. சொன்னார். தட்டினேன்.

நன்றாக இருந்தது. நானே சொல்லக் கூடாதுதான். மினாராவிலிருந்து இறங்கிய பச்சை வளைவில் வந்து பிரிந்து தென்னை தென்னையாக ஓடியபோது சனம் ஓ என்று கத்தியது. நான் அதைப் பார்க்கவில்லை. சனத்துக்கு நடுவில் ரீச்சர் வந்து நிற்பதைக் கண்டுவிட்டேன். கையைக் கட்டியிருந்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. ஜெபம் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

முடிந்த பிறகு எங்களிடம் வந்தார். பெண்சாதிக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வளைவில, வலது பக்கம், ரெண்டாம் வரி, நாலாவது. ஒரு பல்ப் பத்தல்ல நானா."

அவ்வளவுதான். போய்விட்டார்.

பார்த்தேன். வலது பக்கம், இரண்டாம் வரி, நாலாவது. உண்மைதான்.

பெண்சாதிக்குக் கோபம். "இவ்வளவு பெரிய சோடனையில அவவுக்கு அதுதானா தெரிஞ்ச?"

அத்தனை பல்புக்குள் அந்த ஒன்று சும்மா நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினால்தான் தெரியும். அப்படி எண்ணுகிறவர் எதற்காக எண்ணுகிறார் என்று இந்தக் கரையில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இல்லை.

"சிரிக்கிறீங்க?" என்றாள் பெண்சாதி. "ஏணிய எடுத்து அந்தப் பல்ப மாத்துங்களன்."

ஏணியை எடுத்து மதிலோடு சாத்தி வைத்தேன். ஏறவில்லை. சோடனையைக் கழற்றும்வரை அந்தப் பல்ப் பத்தாமலே இருந்தது.